பதினோரு விநாடி கழித்து

சத்யப்பிரியா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியபோது மதியம் ஒரு மணி. ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஏழு பேர் இருந்தார்கள். எல்லோரும் செகண்ட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பாக்ஸ். அவள் கிட்டார் பெட்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தாள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "பொட்டில இன்னாமா கீது?"

"கிட்டார்ண்ணா."

"சினிமாவுக்கு வாசிப்பியா?"

"இல்ல."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. சினிமாவுக்கு வாசிக்காத கிட்டாரைப் பற்றிக் கேட்க யாருக்கும் எதுவும் இருப்பதில்லை. பதினைந்து வருடத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் சர்ச் பாடகர் குழுவுக்குப் பின்னால் நின்று கிட்டார் பழகியவள் அவள். பிறகு சென்னைக்குப் போய் முறைப்படி கிளாசிக்கல் கற்றாள். பரீட்சை எல்லாவற்றிலும் தேறினாள். எங்கோ ஒரு குளிர்நாட்டில் யாரோ எழுதி வைத்ததை வருடக்கணக்காக வாசித்துவிட்டு, ஒருநாள் போதும் என்று நிறுத்தினாள். நைலான் கம்பிகளுக்கு அடியில் ஒரு மைக்கை ஒட்டினாள். அவள் வாசிப்பதை லேப்டாப் கேட்கும். பதினோரு விநாடி தன்னிடம் வைத்திருக்கும். பிறகு அதை நீட்டியும் நொறுக்கியும் ஸ்பீக்கரில் திருப்பித் தரும். திரும்பி வருவதோடு சேர்ந்து அவள் மறுபடி வாசிப்பாள். அவளுடைய கடைசிக் கச்சேரிக்கு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் ஏசிக்காக உட்கார்ந்திருந்தவர்கள்.

"கரண்ட் கம்பில காக்கா மாட்டிக்கின மாதிரி கீது" என்று, வீட்டில் அவள் பழகுவதைக் கேட்டு அண்ணி சொன்னாள். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் சத்யப்பிரியா வேறு இடம் தேடினாள். அண்ணனுக்குத் தெரிந்த ரகுபதி, ஒரகடம் கூட்டு ரோட்டைத் தாண்டித் தன் நிலத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் கட்டியிருந்தார். கார்களுக்கு வயர் கட்டும் ஒரு கம்பெனியின் பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி அவர்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டது. கட்டடம் சும்மா கிடந்தது.

"எந்த ரூம் வோணும்னாலும் எடுத்துக்கோங்க மேடம்" என்றார் ரகுபதி. "யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க. வார்டன் சுந்தராம்பாள் மட்டும் கீழ இருக்கும். அதுக்குப் போக்கிடம் இல்ல."

இரண்டு மாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் பழைய பினாயிலும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாடை. அறைகளில் துருப்பிடித்த அடுக்குக் கட்டில்கள். கண்ணாடி மாட்டியிருந்த இடங்களைச் சுற்றிச் சுவர்களில் ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டிக்கிடந்தன, சிவப்பும் கறுப்பும் மெரூனுமாக, நூற்றுக்கணக்கில். வேலைக்குப் போகும் அவசரத்தில் யார் யாரோ எடுத்து ஒட்டி, திரும்பி வராத பொட்டுகள்.

எல்லா அறைக் கதவுகளிலும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள்களைக் கழற்றி, அந்த ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு அறையாகப் போய்க் கை தட்டிப் பார்த்தாள். முதல் மாடியின் கோடியில் ஏழாம் எண் அறை. அங்கே கட்டில்கள் இல்லை. தட்டிய ஓசை சுவர்களில் ஏறி, தயங்கி, மெதுவாக இறங்கியது. இதுதான் என்று முடிவு செய்தாள்.

சுந்தராம்பாள் வாசலுக்கு வெளியே நின்றாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கனத்த உடம்பு, வீங்கிய கால்கள். உள்ளே காலை வைக்கவில்லை.

"கதவ சாத்தாத பாப்பா. தொறந்தே வெச்சுக்கோ."

"லாரி சத்தம் வருதேம்மா."

"வந்துட்டுப் போவுது. சாத்தாத."

அவள் கீழே போனதும் சத்யப்பிரியா கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு அது நடந்தது. வெளியே வெயில் வெள்ளையாக எரிந்தது. கன்டெய்னர் லாரிகள் போவது தூரத்து இருமல் மாதிரிக் கேட்டது. அவள் ஒரு கம்பியை மீட்டிவிட்டுக் காத்திருந்தாள். பதினோரு விநாடியில் ஸ்பீக்கரில் அது திரும்பி வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது.

டொப். டொப். டொப்.

கொஞ்சம் இடைவெளி.

டொப். டொப்.

கிட்டாரின் உடம்பில் கை பட்டிருக்கும் என்று நினைத்தாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். கழற்றிய மைக்கை மட்டும் தரையில் வைத்து, சுவரோரம் போய் அசையாமல் உட்கார்ந்தாள்.

டொப். டொப். டொப்.

லேப்டாப் திரையில், மைக் கேட்கும் ஒலிக்கென்று ஒரு பச்சைக் கோடு உண்டு. மூச்சு விட்டால்கூட அது துள்ளும். இப்போது அது செத்த கோடாகக் கிடந்தது. மைக் எதையும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வெளியே இருந்து தட்டினால் அறை ஒரு மாதிரி அதிரும், உள்ளே இருந்து தட்டினால் வேறு மாதிரி. அவள் காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும். எழுந்துபோய்க் கதவைத் தானே தட்டிப் பார்த்தாள். அந்த ஓசை வரவில்லை. மண்டியிட்டுத் தட்டினாள். வரவில்லை. கடைசியில் தரையில் படுத்து, கன்னத்தைச் சிமென்டில் வைத்து, கையை நீட்டி உள்ளங்கையால் கதவின் அடிப்பலகையை அடித்தாள்.

டொப்.

அதே ஓசை.

கிட்டார் பெட்டியைக்கூட எடுக்காமல், லேப்டாப்பை மட்டும் வாரிக்கொண்டு படியிறங்கி ரோட்டுக்கு ஓடிவிட்டாள்.

அன்று மாலை, லேப்டாப்பில் பதிவாகியிருந்த அந்த ஓசையைத் தமிழ்வாணனுக்கு அனுப்பினாள். சென்னையில் புது இசைக்கு ஒரு விழா நடத்துகிறவன் அவன். நான்கு வருடமாக "அடுத்த தடவை பாக்கலாம் சத்யா" என்றே சொல்லிக்கொண்டிருந்தவன். பத்து நிமிடத்தில் கூப்பிட்டான்.

"இத எப்படிப் பண்ண?"

"நான் பண்ணல. அந்த ரூம்ல கேக்குது."

"ரூம்ல கேக்குதோ, எங்க கேக்குதோ. இதான் பீஸ். கடைசி நாள், மெயின் ஸ்டேஜ், உனக்கு. இன்னும் வேணும் இது."

பயம் இருந்தது. ஆனால் மெயின் ஸ்டேஜ் என்ற வார்த்தை பயத்தைவிடப் பெரியதாக இருந்தது. மறுநாள் மதியம் அவள் மறுபடி அந்த அறையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும். தட்டும் ஓசைக்கு நடுவே அவள் வாசிக்கத் தொடங்கினாள். அந்த இடைவெளிகளில் சின்னச் சின்ன சுரங்களை வைத்தாள். நன்றாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரோ கூட வாசிப்பது போல இருந்தது.

ஏழாம் நாள் குரல் வந்தது.

முதலில் மூச்சு. குழலில் அடைத்துக்கொண்டு விசிலடிக்கும் மூச்சு. பிறகு ஒரு பெண் குரல், சின்ன வயசு, தெற்கத்திப் பேச்சு.

"யக்கா... கதவத் தொறங்கக்கா..."

அவள் கை கம்பியிலேயே நின்றது.

"மூச்சு முட்டுதுக்கா."

எழுந்து கதவை அகலத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது. ஸ்பீக்கரில் தட்டுவது நிற்கவில்லை. யார் தட்டினாளோ, அவளுக்குக் கதவு இன்னும் மூடித்தான் இருந்தது.

சத்யப்பிரியா கீழே போய் சுந்தராம்பாளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். வாசற்படியில் நின்ற அவள் தலையில் ஹெட்போனை மாட்டினாள். சுந்தராம்பாள் கண்ணை மூடிக் கேட்டாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"யாரும்மா அது?"

"ஏழாம் நம்பரு."

"பேரு?"

சுந்தராம்பாள் வெகுநேரம் யோசித்தாள். "தங்கமாரி. சங்கரன்கோவில் பக்கம். பத்தொம்போது வயசு." வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வந்து அஞ்சு மாசம். வீசிங் கீதுன்னு லீவ் கேக்கும். சூப்பர்வைசர் ஃபோன் போட்டு, ஒயுங்கா ஷிஃப்டுக்கு அனுப்ப மாட்டியா, ஆஸ்டல்ல படுத்துக்கினு நடிக்கிறாளுங்க, ரூம பூட்டு, அப்பதான் புத்தி வரும்னான். அன்னிக்கு எல்லாரையும் பஸ் ஏத்திவுட்டுட்டு வந்தேன். அது மட்டும் போர்வைய இழுத்துப் போத்திக்கினு படுத்திருந்துது. வெளிய தாப்பா போட்டுட்டேன்."

"தட்டலையா?"

"தூங்கிட்டேன் பாப்பா. எனக்கு ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் பஸ் வந்தப்புறம் பொண்ணுங்கதான் தொறந்து பாத்தாளுங்க. கதவாண்ட கெடந்துது. போலீஸ் வந்து, காதல் தோல்வி, மாத்திர சாப்புட்டுச்சுன்னு எழுதிக்கினு பூட்டாங்க. அவங்க அப்பா வந்து, ஒண்ணும் கேக்காம துணிப்பைய மட்டும் வாங்கிக்கினு போனாரு."

சொல்லி முடித்ததும் முதல்முறையாக உள்ளே வந்தாள். மைக்குக்கு முன்னால் கனத்த உடம்போடு சிரமப்பட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, கதவு தொறந்துதான் கீது. நீ போயிடு. நான்தான் வார்டன் பேசறேன். எனக்கு ஒண்ணும் கேக்கலடி."

இருவரும் காத்திருந்தார்கள். விநாடிகள் போயின. ஸ்பீக்கரில் அவள் குரலே திரும்பி வந்தது, இழுபட்டு, கனத்து. *எனக்கு ஒண்ணும் கேக்கலடி.*

தட்டும் ஓசை நின்றது.

பிறகு வேறொன்று வந்தது. மிக மெலிதாக, தரைக்கு அடியிலிருந்து வருவது போல. ஏதோ இசை. ஒரு பெண் அழுகிறாள், ஒரு ஆண் அதட்டுகிறான், வயலின்கள் கூட்டமாக எழுகின்றன. டிவி சீரியல். கீழ்த்தளத்தில் ஓடும் டிவி, மேலே மூடிய அறைக்குள் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பவளுக்கு எப்படிக் கேட்குமோ அப்படி.

டொப். டொப். டொப்.

டிவி சத்தம் ஒரு படி கூடியது.

டொப். டொப்.

இன்னொரு படி.

சுந்தராம்பாள் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.

இன்னொரு படி. வயலின்கள் அலறின. அந்த அலறலுக்குள் தட்டும் ஓசை மூழ்கிப்போனது.

"நான்தான் கூட்டுனேன்" என்று அவள் கத்தினாள். "தட்டிக்கினே இருந்தா. தட்டட்டும், நடிக்கிறான்னு நான்தான் கூட்டிக்கினே போனேன்."

சத்யப்பிரியா லேப்டாப்பை மூடினாள். மூடிய பிறகும் ஒரு விநாடி வயலின் கேட்டது.

அவள் நினைத்தது வேறு. வார்டன் பதிவை அழிக்கச் சொல்வாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாள். சுந்தராம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத வெளிய போட்டுக் காட்டப்போறியா?" என்று கேட்டாள்.

"மெட்ராஸ்ல. ஒரு கச்சேரி."

"காட்டு. நான் சொன்னதையும் சேத்துக் காட்டு. இப்ப முழுசா சொல்றேன், புடிச்சிக்கோ. ஒண்ணே ஒண்ணு. அவ பேரச் சொல்லிடு. நான் ஒரு தபா கூட பேர் சொல்லிக் கூப்ட்டதில்ல. எல்லாத்தையும் நம்பர்லதான் கூப்டுவேன்."

"சொல்றேம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

பதினான்கு நிமிடம் பேசினாள். சூப்பர்வைசர் சொன்னதைச் சொன்னாள், தாழ்ப்பாளைச் சொன்னாள், டிவியைச் சொன்னாள். மூன்று முறை தங்கமாரி என்றாள். மூன்றாவது முறை அதைக் கூப்பிடுவது போலச் சொன்னாள்.

கச்சேரிக்கு நான்கு நாள் முன்பு தமிழ்வாணன் கேட்டுப் பார்த்தான். கேட்டு முடித்துத் தாடையைத் தேய்த்தான்.

"பயங்கரமா இருக்கு சத்யா. அந்தப் பேர் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"அந்த வயர் கம்பெனியும் ஸ்பான்சர்ல இருக்காங்க. பேர் வந்தா நியூஸ் ஆயிடும். வக்கீல் நோட்டீஸ் வரும். பேர் இல்லேன்னா ஆர்ட். எந்தப் பொண்ணா வேணா இருக்கலாம், எந்த ஊரா வேணா இருக்கலாம். யோசிச்சுப் பாரு, அதுதான் இன்னும் பெருசு."

அவள் யோசித்துப் பார்க்கவில்லை. யோசித்தது போலக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை பதிவின் நகலில் மூன்று இடங்களிலும் பேரைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். சூப்பர்வைசர், கம்பெனி, ஹாஸ்டல் எல்லாம் போயிற்று. பதினான்கு நிமிடத்தில் நாற்பது விநாடி மிஞ்சியது. பேர் இருந்த இடங்களில் வெறும் நிசப்தம். அந்த நிசப்தங்கள் கேட்க நன்றாக இருந்தன என்பதையும் அவள் கவனித்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. நைலான் கம்பிகளின் மெல்லிய ஓசை, கதவு, மூச்சு, ஏறிக்கொண்டே போகும் டிவி, நடுவே அந்த வெற்றிடங்கள். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். உழைப்பின் ஓலம் என்று ஒருவர் எழுதினார். மௌனங்களை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்டவர் இங்கே வேறு யாரும் இல்லை என்று இன்னொருவர் எழுதினார். வெளிநாட்டிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன.

மறுநாள் காலை சுந்தராம்பாள் போன் செய்தாள்.

"ஜனங்க கேட்டாங்களா பாப்பா?"

"கேட்டாங்கம்மா. நிறைய பேரு."

"அழுதாங்களா?"

"சில பேரு."

"அவ பேரச் சொன்னியா?"

சத்யப்பிரியா ஜன்னலைப் பார்த்தாள். "ம்."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று இறங்கியது. "அப்ப செரி. இனிமே அது போயிடும். நான் மேல போயி ஒரு தபா பாத்துட்டு வரேன்."

அதற்கு மூன்றாம் நாள் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. ஏழாம் அறைக்குள், கதவோரம், தரையில் கன்னத்தை வைத்தபடி சுந்தராம்பாள் கிடந்திருக்கிறாள். ஹார்ட் அட்டாக் என்றார்கள். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. மெயின் கேட் உள்ளே இருந்து பூட்டியிருந்தது. ஆனால் ஏழாம் அறையின் தாழ்ப்பாளை வெளிப்பக்கம் யாரோ போட்டிருந்தார்கள்.

"துருப்புடிச்ச தாப்பா, காத்துக்கு விழுந்திருக்கும்" என்றாராம் ரகுபதி.

சத்யப்பிரியா சாவுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் எங்கும் போகவில்லை. கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பதில் எழுதவில்லை. ஒருநாள் அந்தப் பதினான்கு நிமிடத்தையும் முழுசாக அந்தப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். வெட்டாத மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. அதை எடுத்துக் கேட்டாள்.

எல்லாம் இருந்தது. தாழ்ப்பாள் இருந்தது, டிவி இருந்தது. பேர் வரவேண்டிய மூன்று இடங்களில் மட்டும் ஒன்றும் இல்லை.

அந்தப் பதிவில் அவள் கை வைத்ததே இல்லை.

அந்த அப்பாவின் விலாசமாவது கேட்போம் என்று ஒரகடம் போனாள். கிட்டார் எடுத்துக்கொள்ளவில்லை, வெறும் கைப்பை. ஹாஸ்டலுக்குப் புதிதாக நீல பெயின்ட் அடித்திருந்தது. கொடிகளில் சுடிதார்கள் காய்ந்தன. வேறொரு கம்பெனி எடுத்திருந்தது. ரகுபதி வாசலில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழைய ரிஜிஸ்டர்லாம் கொளுத்தியாச்சு மேடம். யாரு, எந்தப் பொண்ணு?"

அவள் வாய் திறந்தாள். பேர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. "ஏழாம் நம்பர்" என்றாள். சொன்ன பிறகு தன் குரலைத் தானே கேட்டாள்.

"அத்த வுடுங்க மேடம். புதுசா பொண்ணுங்க வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்தார்.

மதிய நேரம். எல்லோரும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். படிக்கட்டின் கீழ்ப்படியில் ஒரு பெண் மட்டும், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காய்ச்சல் கண்களோடு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயதிருக்கும். சத்யப்பிரியாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"நீங்கதானே கிட்டார் அக்கா?"

"யார் சொன்னா?"

"ஏழாம் ரூம்ல இருக்கேங்க்கா. ரெண்டு நாளா காய்ச்சல். மதியம் ஆனா ஒரு வயசானம்மா வந்து கதவத் தொறந்து, நெத்தியத் தொட்டுப் பாத்துட்டுப் போறாங்க. புது வார்டனோட அம்மான்னு நெனச்சேன். ஒவ்வொரு ரூமா தொறக்குறாங்க, பாக்குறாங்க, திரும்ப மொத ரூம்லருந்து ஆரம்பிக்கிறாங்க. காலெல்லாம் வீங்கியிருக்கு பாவம். கூட ஒரு பொண்ணு வருது. கொஞ்சம் உக்காந்துக்கிறேன்னு அவங்க கெஞ்சுறாங்க. அது உக்காரவே விட மாட்டேங்குது."

சத்யப்பிரியாவின் கை சுவரைத் தேடியது. சுண்ணாம்பு வாடையோடு சுவர் குளிர்ந்திருந்தது.

"அந்தப் பொண்ணு பேரு..." என்றாள் மெதுவாக. "பேரு கேட்டியா?"

"கேட்டேங்க்கா. எங்கிட்ட இல்ல, கிட்டார் அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க, வந்தா வாங்கி வைன்னு சொல்லுச்சு."

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். ஐந்து எழுத்து, அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டது. உதடு அசைந்தது. மூச்சு வந்தது. பேர் வரவில்லை.

அந்தப் பெண் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"குடுங்கக்கா. மேல படியில வந்து நிக்குது."